எருமை விழுந்தபோது என் கை நடுங்கவில்லை

பத்துப் பேரை வேலை வாங்கும் என் மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், படுத்தால் தூக்கம் வருகிறது. என் உடம்பைப் பற்றி என்னைவிட உனக்கும் என் கூட்டாளி பல் டாக்டருக்கும்தான் நன்றாகத் தெரியும் என்பதால் அதைப் பற்றி இந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. கோபம் வேறு, அது வேறு. கடிதம் அப்பாவின் எழுத்தில் இல்லையே, அம்மாவின் குண்டு குண்டு எழுத்தாக இருக்கிறதே என்று பார்த்தவுடனே உனக்குத் தோன்றும். தோன்றியதும் போனை எடுத்துப் பல் டாக்டருக்குப் போடாதே. காரணத்தைக் கடைசியில் நானே சொல்கிறேன், அதுவரைக்கும் பொறுமையாகப் படி. இதையெல்லாம் போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா நான் உங்க நல்லதுக்குத்தானே செஞ்சேன் என்று நீ ஆரம்பிப்பாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, எழுதுகிறவளைத் தவிர. அவளுக்கும் குறுக்கே பேசக்கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுங்கள், திட்டுவதை அப்புறம் திட்டலாம் என்கிறாள். பார், இதற்குள் பேசிவிட்டாள். சரி, சேதி இதுதான். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வரேன் என்று தினமும் சொல்கிறார். அம்மாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் வலிக்கிறதாம், அதனால் மாடியில் இருக்கிறவனுக்கு டீ கிடையாது என்று சட்டம் போட்டிருக்கிறாள். உன் சித்தி வந்து தங்கினாள், இருந்த நாளெல்லாம் நான் ஏன் இப்படி இளைத்துப் போனேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், கிளம்பும்போது அம்மாவைப் பார்த்து நீ ஏன்க்கா இப்படிப் பருத்துட்ட என்று கேட்டுவிட்டுப் போனாள். உன் அறை ஜன்னல் மழையில் உப்பிப் போய்ச் சாத்த வரவில்லை. அவ்வளவுதான். இனி உன்னிடம் வருகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்த அன்றைக்கு நான் வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், என்ன ஏது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெட்டி வந்து அரை மணி நேரத்தில் பல் டாக்டர் வந்து நிற்கிறார், வந்துருச்சா என்கிறார். என் வீட்டுக்கு என் மகள் அனுப்பிய பெட்டி வந்துவிட்டதா என்று ஊரான் வந்து கேட்கிறார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, எல்லாப் பல்லும் தெரிந்தது. இனிமே எல்லாம் டிஜிட்டல், எல்லாம் போன்லயே ஓட்டலாம் என்று மாடிப்படியில் பையன் மாதிரி ஏறினார். மாடி அறையில் சுவரை ஒட்டிச் சுற்றிப் போட்டிருக்கும் அந்தக் குட்டி ரயில் ஓடும் மேஜை எனக்கு மட்டும் சொந்தமில்லை, அது எங்கள் மூன்று பேருடையது, மூக்குக் கண்ணாடிக் கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கும் நான், கிளினிக்கை மூடிவிட்ட பல் டாக்டர், பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்டே ஓய்வு பெற்ற நம்ம டைம்டேபிள். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறை என்னுடையது, எருமையும் என்னுடையது. அந்தக் கறுப்பு இன்ஜினுக்கு எருமை என்று பேர் வைத்தவளே நீதான், உனக்கு அப்போது பேச்சே சரியாக வராது. அதற்குள் கை வைப்பதென்றால் என்னைக் கேட்டிருக்க வேண்டும் இல்லையா. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு காலை நேரத்தில் மனுஷன் அதன் மூடியைக் கழற்றி, உள்ளே கம்பியை வெட்டி, நீ அனுப்பிய சிப்பை வைத்து ஒட்டிவிட்டார். கேட்டால் பாப்பாதான் சொல்லுச்சு, எல்லா இன்ஜினுக்கும் மாத்திடுங்கன்னு என்கிறார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்பார்களா மாட்டார்களா?

உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், அம்மா வேண்டாம் என்கிறாள், நான் சொல்லத்தான் போகிறேன். இத்தனை வருஷமாக எங்கள் மேஜையில் தண்டவாளம் துண்டு துண்டாகப் பிரித்திருந்தது, ஒவ்வொரு துண்டுக்கும் பலகையில் ஒரு சுவிட்ச். வண்டியை ஓர் இடத்தில் நிறுத்த வேண்டுமா, அந்தத் துண்டின் சுவிட்சை அணைத்தால் போதும், அங்கே கரண்ட் போய்விடும், இன்ஜின் அப்படியே நிற்கும், மறுபடி நீ போட்டு வேகக் குமிழைத் திருப்புகிற வரைக்கும் அது கல். இதை நான் யோசித்துச் செய்வதில்லை, விரலே போய்ச் செய்துவிடும், இருட்டில் நீ படுக்கையறை விளக்கைப் போடுவது மாதிரி. நீ அனுப்பிய பெட்டி அப்படி இல்லை. அது வந்த பிறகு எல்லாத் தண்டவாளத்திலும் எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்ஜினுக்கு உள்ளே இருக்கும் சிப், போ என்றால் போகிறது, நில் என்றால் நிற்கிறது. சொன்னால்தான் நிற்கும். நில் என்று சொல்லாமல் சுவிட்சை மட்டும் அணைத்தால் அதுவும் நிற்கத்தான் செய்யும், ஆனால் அது நின்றதாக அர்த்தம் இல்லை, மூச்சு நின்றிருக்கிறது அவ்வளவுதான். போ என்ற உத்தரவு அப்படியே இருக்கிறது. யாராவது சுவிட்சைப் போட்டால் விட்ட இடத்திலிருந்து கிளம்பிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பல் டாக்டருக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் டிஜிட்டல்ல எல்லா சுவிட்சும் ஆன்ல இருக்கணும் என்பதுதான், அதை நாளுக்கு நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்தப் போன். என் பழைய குமிழ் பித்தளை, கனமானது, பலகையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு இரண்டு விரலால் திருப்பலாம். போனில் ஊன்ற இடம் ஏது? வழவழவென்று கண்ணாடி, அதில் ஒரு கோடு, கோட்டின் மேல் விரலை வைத்து இழுக்க வேண்டும், விரல் ஒரு நூல் அசைந்தால் வண்டி விக்கல் எடுத்த மாதிரி எட்டி எட்டிக் குதிக்கிறது. கை ஆடுகிறவனுக்குச் சுலபமாக இருக்கும் என்று நீ நினைத்து அனுப்பியது, கை ஆடுகிறது என்பதை ஊருக்கே காட்டிக் கொடுக்கும் சாமானாகப் போய்விட்டது. பத்துப் பேரை வேலை வாங்குகிறவளுக்கு இந்த யோசனை வரவில்லை. ஒத்திகையில் வண்டி குதித்தபோதெல்லாம் போன் சரியில்லை, போன் சரியில்லை என்று கத்தினேன். பல் டாக்டர் என்னைப் பார்த்தார். பாவமாகப் பார்த்தார். அவர் எனக்காகப் பரிதாபப்பட்டதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, எதற்கு இந்தப் பார்வை என்று எனக்கு அப்போது விளங்கவும் இல்லை.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்துவிட்டு எல்லோரையும் பார்க்கக் கூப்பிடுவோமே, அந்த நாள் வந்தது. அக்கம்பக்கத்தார், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ரயில் சங்கத்தைச் சேர்ந்த தாடிக்காரர் எல்லோரும் வந்தார்கள். தாடிக்காரரை உனக்குத் தெரியும், எங்கள் மேஜையில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஒவ்வொரு வருஷமும் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மலைக்குப் பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கே என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். கடைசி ஓட்டம் எப்போதும் என்னுடையது. விளக்கை அணைத்துவிட்டு எருமை மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு மலைக் குகைக்குள் போய், வாசல் மேல் போகும் பாலத்தைத் தாண்டி ஸ்டேஷனில் வந்து நிற்க வேண்டும். அறை வாசலை மறித்துக்கொண்டு போகும் அந்தப் பாலம் ஒரு பலகைதான், ஆள் உள்ளே வர வேண்டுமென்றால் தூக்கி நிறுத்த வேண்டும், நீ சின்ன வயசில் தூக்காமல் குனிந்தே போவாய். அன்றைக்கு நான் போனில் கோட்டை ஒரே ஒரு தடவை, மெதுவாக, சரியான வேகத்துக்கு இழுத்து வைத்துவிட்டு விரலை எடுத்துவிட்டேன். வண்டி கிளம்பியது, அழகாகப் போனது, ஒரு குதி இல்லை. குகையை விட்டு வெளியே வரும் நேரத்தில் யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாமதமாக வந்து வாசலில் நின்றார்கள், டைம்டேபிள் பாலத்தைத் தூக்கிவிட்டார். பாலம் தூக்கியிருக்கிறது, வண்டி வருகிறது. நான் பதறவில்லை. என் விரல் நேராகப் பலகைக்குப் போய் அந்தத் துண்டின் சுவிட்சை அணைத்தது. எருமை பாலத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாங்க வாங்க என்று வந்தவர்களைக் கூப்பிட்டேன். அந்த விரல் நடுங்கவில்லை என்று இந்தக் கடிதத்தில் தனியாக எழுதச் சொல்கிறேன், அம்மா எழுதிவிட்டாள், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டும்விட்டேன்.

அப்போது டைம்டேபிள் வாசல் வழியாக வந்த வெளிச்சத்தில் பலகையைப் பார்த்திருக்கிறார். ஒரு சுவிட்ச் அணைந்திருக்கிறது. எல்லா சுவிட்சும் ஆன்ல இருக்கணும் என்று பல் டாக்டர் ஓதிய மந்திரம் அவர் காதில் இருக்கிறது. பாவம், உதவி செய்வதாக நினைத்து அதைப் போட்டுவிட்டார். எருமைக்கு இன்னும் போ என்ற உத்தரவு. போய்விட்டது. நான் பையிலிருந்து போனை எடுக்கப் பார்க்கிறேன், அது துணியில் மாட்டிக்கொள்கிறது, எடுத்தால் திரை இருண்டு கிடக்கிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இன்ஜினும் மூன்று பெட்டியும் வரிசையாகப் போய், பாலம் இல்லாத இடத்தில் நேராகத் தரையில் விழுந்தன. அந்தச் சத்தம் கீழே சமையலறைக்குக் கேட்டதாம். யார் மேலும் விழவில்லை, அந்த மட்டில் சந்தோஷம். விளக்கைப் போட்டார்கள், நான் குனிந்து பார்க்கிறேன், எருமையின் முகம் நசுங்கி, முன் சக்கரம் கழன்று கிடக்கிறது. அப்போது பல் டாக்டர், நாலு பேர் என்ன, முப்பது பேர் முன்னால் வாயைத் திறக்கிறார். கை நடுங்குறவர்கிட்ட குடுக்க வேணாம்னு எனக்கு அப்பவே தோணுச்சு, அவர் பொண்ணே போன் பண்ணி அழுதுச்சு, அப்பாவுக்குக் கை நடுங்குது மாமா, அவர்கிட்ட சொல்லாம பக்கத்துல இருந்து பாத்துக்கங்கன்னு, நான்தான் மனசு கேக்காம குடுத்துட்டேன் என்றார். கேட்டாயா? மனசு கேட்கவில்லையாம். என் வீட்டு மாடியில், என் மேஜை பக்கத்தில், என் கையைப் பற்றி எனக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறார். பக்கத்து வீட்டு அம்மா என் கையைப் பார்த்தாள். அவள் பார்த்ததைப் பார்த்து அவள் குழந்தையும் பார்த்தது. மானம் கப்பலேறியது என்பார்களே, எனக்கு ரயிலேறித் தரையில் விழுந்தது.

விழுந்ததற்குக் காரணம் என் கை இல்லை, என் பழக்கம். இரண்டும் ஒன்றில்லை. ஆனால் அன்றைக்கு அதை யாரிடம் போய்ச் சொல்வது? கை ஆடுகிறவன் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் அப்புறம் தம்ளர் கவிழ்ந்தாலும் கைதான், பூனை தட்டிவிட்டாலும் கைதான். இந்தப் பேரை எனக்கு வாங்கிக் கொடுத்தது பல் டாக்டர் இல்லை, நீ. போன தடவை வீடியோவில் பேசும்போது என் கையில் டீ தம்ளர் ஆடியதைப் பார்த்தாய். பார்த்தாய் என்று எனக்குத் தெரியும், உன் முகம் மாறியது, உடனே மாப்பிள்ளை ஆபீஸைப் பற்றிப் பேசினாய். அப்பா கை ஏன் ஆடுது என்று நாலு வார்த்தை. கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக எனக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் ஊரானுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாய். கேட்டா ஒண்ணுமில்லைன்னுதானே சொல்லியிருப்பீங்க என்பாய். ஆமாம், சொல்லியிருப்பேன். என் கையைப் பற்றி ஒன்றுமில்லை என்று சொல்லும் உரிமை என்னுடையது. அதை நீ எடுத்துப் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டாய். அம்மா இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவ சின்னப் பொண்ணு பயந்துட்டா என்கிறாள். உனக்கு வயது நாற்பத்தி ஒன்று. எழுது என்று சொன்னேன், எழுதுகிறாள்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. மாடி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த வாரமே பல் டாக்டரும் டைம்டேபிளும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். பல் டாக்டரின் கிளினிக் சும்மாதானே கிடக்கிறது, மேஜையைக் கழற்றி அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம், ஏறி இறங்கற சிரமமும் இல்ல, நீங்க சேர்ல உக்காந்து பாருங்க, நாங்க ஓட்டறோம் என்று சொல்ல வந்திருக்கிறார்கள். பாருங்க. நான் பார்க்க வேண்டுமாம். பல்லுக்கு வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த நாற்காலி அத்தனையும் அங்கேயே இருக்கிறது, அதில் ஒன்றில் நானும் உட்கார்ந்து அடுத்தது யார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டைம்டேபிள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை மூன்று பேருடையது, இரண்டு பேர் ஒரு பக்கம், நான் என்ன சொல்ல முடியும்? அடுத்த வாரம் வந்து கழற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் போன பிறகு உன் அம்மாவைத் திட்டினேன், அவள் ஒன்றும் செய்யவில்லை, இருந்தாலும் திட்டினேன், அவளும் திருப்பித் திட்டினாள், மனசு கொஞ்சம் லேசானது.

அதற்கு மறுநாள் வந்தது யார் தெரியுமா? தாடிக்காரர். வாசலில் நிற்கிறார். வேடிக்கை பார்க்க வந்தீங்களா என்றுதான் கேட்டேன், உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. மனுஷன் கோபித்துக்கொள்ளவே இல்லை. உங்க கை இல்லைங்க, சுவிட்ச், நான் பாலத்துப் பக்கமாத்தான் நின்னேன், நீங்க அணைச்சதையும் பாத்தேன், அவர் போட்டதையும் பாத்தேன் என்றார். நான் வாசலை விட்டு விலகி வழி விட்டேன். அவர்கள் சங்கத்தில் டிஜிட்டலுக்கு மாறிய வருஷம் இதே தவறு, இதே சுவிட்ச் கதை, அவருடைய வண்டி தொட்டித் தண்ணீருக்குள் போய்விட்டதாம், அவர்கள் மேஜைத் துறைமுகத்தில் நிஜத் தண்ணீர் வைத்திருக்கிறோம் என்று அலட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா, அதற்குள். பழைய சுவிட்சுலயே பழகினவன் எவனும் ஒரு தடவை விழாம இருந்ததில்ல என்றார். இதை நீங்கள் அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொல்லியிருக்கலாம், ஆனா உங்க பல் டாக்டர் பேச ஆரம்பிச்சா நடுவுல புக முடியுதா என்றார். அவரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. மாடிக்கு வந்ததும் மலையைப் பார்த்துப் பச்சை தூக்கல்தான் என்று மறுபடியும் சொன்னார்.

ஆனால் விஷயம் தெரிந்தவர், அதை மறைக்க முடியாது. பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தார், கையளவுதான், அதன் தலையில் குமிழ், திருப்புகிற குமிழ். நீ அனுப்பிய பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டை இருக்கிறதே, அதில் செருகினால் போன் வேண்டாம், குமிழிலேயே ஓட்டலாம். இது உனக்கும் தெரியாது, பல் டாக்டருக்கும் தெரியாது, போன் என்றதும் இரண்டு பேரும் வாயைப் பிளந்துவிட்டீர்கள். இன்னொன்றும் சொன்னார். சிப்பில் ஒரு எண் இருக்கிறதாம், அதை ஏற்றினால் இன்ஜினுக்கு எடை வந்துவிடும். நிஜ எடை இல்லை. நிஜ ரயில் குமிழைத் திருப்பியதும் பாய்வதில்லை அல்லவா, மெதுவாகத்தானே வேகம் பிடிக்கும், மெதுவாகத்தானே நிற்கும், அப்படி. எடை வந்த பிறகு குமிழ் கொஞ்சம் முன்னே பின்னே ஆடினாலும் இன்ஜின் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. கை ஆடும், வண்டி ஆடாது. இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அந்த ஒரு மரியாதைக்காக அவருக்கு டீ கொடுக்கச் சொன்னேன். அம்மா மாடி வரைக்கும் கொண்டுவந்தாள், சட்டத்தை மீறி.

அந்த வாரம் முழுக்க நான் மாடியை விட்டு இறங்கவில்லை. எருமையின் நசுங்கிய முகத்தைக் கடையில் கண்ணாடிப் பிரேம் நிமிர்த்துகிற இடுக்கியை வைத்து நிமிர்த்தினேன், முன்னைப் போல வரவில்லை, ஒரு பக்கம் இளித்தபடி இருக்கிறது. சக்கரத்தை ஏற்றினேன். நுணுக்கமான திருகாணிகளைப் போடும்போது உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பிடித்துக்கொண்டே வேறு எங்கோ பார்த்தாள். எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தேன், முதலில் எருமை நிற்கவே மாட்டேன் என்று ஸ்டேஷனைத் தாண்டிப் போனது, அப்புறம் படிந்தது. குமிழ்க் கருவியைப் பலகையில் ஒரு மரக்கட்டை வைத்துப் பொருத்தி, உள்ளங்கையை ஊன்றுவதற்கு இடம் செய்தேன். கடைசியாக அந்தப் பழைய சுவிட்சுகள் அத்தனையையும் நானே என் கையால் கழற்றினேன், பல் டாக்டர் சொன்னதற்காக இல்லை, என் விரலுக்காக. ஓட்டைகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். இப்போதும் விரல் அங்கேதான் போகிறது, பிளாஸ்திரியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது.

மேஜையைக் கழற்ற இரண்டு பேரும் திருப்புளியோடு வந்தார்கள். ஒரே ஒரு ஓட்டம், அப்புறம் கழற்றிக்கொள்ளுங்கள் என்றேன். எருமையைக் கிளப்பினேன். அது எடை போட்ட வண்டி மாதிரி, சங்கடமே இல்லாமல், குகைக்குள் போய் வெளியே வந்து பாலத்தைத் தாண்டி, ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மைக்கு நேராக முதல் பெட்டியின் கதவு வருகிற இடத்தில் வந்து நின்றது. ஒரு குதி இல்லை. பல் டாக்டர் அது வந்து நின்றதைப் பார்க்கவே இல்லை. அத்தனை நேரமும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. வண்டிய பாருய்யா, கைய என்ன பாக்கிற என்று சத்தம் போட்டேன், இத்தனை வருஷத்தில் அவரை நான் ய்யா போட்டுப் பேசியதில்லை. அவர் முகம் செத்துவிட்டது. திருப்புளியைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். டைம்டேபிள் போகவில்லை. தன் திருப்புளியால் பாலத்தின் தளர்ந்த கீலை முறுக்கிவிட்டு, பாலம் தூக்கியிருந்தால் வண்டியே வராதபடி ஒரு கம்பி இழுக்கலாம் என்று ஏதோ கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மேஜை இங்கேயேதான் இருக்கிறது. பல் டாக்டர் இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும், நான் போய்க் கூப்பிட மாட்டேன். நீயும் அவருக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசாதே, உன் சமாதானத்தில் ஒருவருடைய மானம் போய்விடுகிறது.

நீ அனுப்பிய பெட்டி வேலை செய்கிறது. அதற்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. இனிமேல் எனக்கென்று எதுவும் அனுப்புவதானால் முதலில் கேள், சட்டையானாலும் சரி. மாப்பிள்ளையிடம் ஆபீஸ் கோபத்தைக் காட்டாதே, அவர் நல்ல மனுஷன், உன்னோடு இருக்கிறாரே அதிலேயே தெரிகிறது. வெயிலில் தலைக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ. நீங்கள் இரண்டு பேரும் மூச்சுக் காற்றுக்குக் குறைவில்லாமல், கை கால் சொன்ன பேச்சைக் கேட்டு, நிறைய காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். கோபத்தோடுதான் வேண்டிக்கொள்கிறேன், ஆனாலும் அது சேரும்.

இனி காரணம். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்றேனே, நரம்பு டாக்டரிடம் போனேன், அம்மாவும் வந்தாள். இது போகாது என்று சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார், கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தும், அப்புறம் கூடத்தான் செய்யும், எவ்வளவு சீக்கிரம் என்று அவருக்கே தெரியாது. பேனா பிடித்தால் எழுத்து எறும்பு மாதிரிச் சிறுத்துக்கொண்டே போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நான் பல் டாக்டரிடம் சொல்லவில்லை, டைம்டேபிளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் இது உன்னிடம் சொல்ல வேண்டியது. அம்மாவின் எழுத்து இந்த வரியில் கோணலாகப் போயிருந்தால் அதைக் கண்டுகொள்ளாதே, ஒரு வீட்டுக்கு ஒரு கை ஆடினால் போதும்.

இதுவரைக்கும் அவள் எழுதியது. கீழே போடுகிற கையெழுத்தை மட்டும் நான் போடுகிறேன். உன் பள்ளிக்கூட மார்க் அட்டைகளில் நான் போட்ட கையெழுத்து உன்னிடம் இருக்கும், எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். என் கை எவ்வளவு நடுங்குகிறது என்பது அதில் அப்படியே இருக்கிறது, நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு. எனக்கு. அப்பா கை எப்படி இருக்கு என்று கேள். ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவேன். மறுபடியும் கேள்.

இப்படிக்கு, இந்த ஒரு வார்த்தையை மட்டும் தன் கையால் எழுதும்,

அப்பா